மெலிவின் விலை

இலக்கிய விமர்சனம் கவிதை, நாவல், சிறுகதை என்ற எல்லைக்குள் நின்றுவிட வேண்டும் என்று கருதுவோர் இன்றும் உளர். ஆனால் ஒரு சமுதாயத்தில் பெருந்தொகையானோர் எதனைப் படிக்கின்றனரோ, எதனைப் படித்துத் தம்மைப் பற்றிய அபிப்பிராயத்தை உருவாக்கிக்கொள்கின்றனரோ, அதனையும் விமர்சகன் படித்தேயாக வேண்டும். அவ்வகையில் நோக்கின், வர்த்தக விளம்பரமே நமது காலத்தின் மிகப் பரவலான உரைநடை எனலாம். அவ்வுரைநடையின் செழித்த கிளைகளுள் ஒன்று, உடல் நிறையைக் குறைக்கும் திட்டங்களை விற்கும் கொம்பனிகளின் எழுத்தாகும். அது வாக்குறுதி அளிக்கிறது, கதை சொல்கிறது, இறுதியிற் பணம் கேட்கிறது. அவ்வாக்குறுதி எந்த அளவுக்கு நிறைவேறுகிறது, அதற்குக் கொடுக்கப்படும் விலை யாது, அவ்விலையைக் கொடுப்போர் யாவர் என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. இத்தொழில் தழைத்தோங்கிய நாடு ஐக்கிய அமெரிக்கா ஆதலாலும், அதன் பலாபலன்கள் முறையாக அளந்து பார்க்கப்பட்டது பெரும்பாலும் அங்கும் இங்கிலாந்திலுமே ஆதலாலும், நமது உதாரணங்களும் அங்கிருந்தே வருகின்றன.

பொதுச் சொத்து பண்டமான கதை

நியூயோர்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த ஜீன் நைடெச் என்னும் குடும்பப் பெண்ணின் நிறை 1961ஆம் ஆண்டில் 214 றாத்தல். நகரச் சுகாதாரச் சபை நடத்திய உடற்பருமன் சிகிச்சை நிலையத்துக்கு அவர் சென்றார். அங்கே ஓர் உணவு ஒழுங்கு கொடுக்கப்பட்டது. ஒழுங்கு நல்லதே, ஆயினும் தனியே அதனைக் கடைப்பிடிப்பது அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. எனவே தம்மைப் போன்ற ஆறு சிநேகிதிகளைத் தமது வீட்டுக்கு அழைத்தார். அவர்கள் கூடிப் பேசினர். ஒளித்து உண்டதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டனர். அடுத்த வாரம் மேலும் சிலரை அழைத்துவந்தனர். நைடெச் 72 றாத்தல் குறைந்தார்.

இதுவரை நடந்தவற்றிலே விற்பனைக்குரியது எதுவுமில்லை என்பதை வாசகர் கவனித்தல் வேண்டும். உணவு ஒழுங்கு பொதுமக்களின் வரிப்பணத்தில் இயங்கிய ஒரு நிறுவனத்தின் அறிவு. கூடிப் பேசியமை அண்டை அயலிற் பெண்கள் ஒருவருக்கொருவர் செய்த உதவி. இவ்விரண்டையும் இணைத்துக் கதவுக்கு வெளியே ஒரு கட்டண மேசையைப் போட்டபோதே தொழில் பிறந்தது. 1963இல் அல்பேர்ட் லிப்பேர்ட் என்னும் வியாபாரியும் அவர் மனைவியும் சேர, ‘வெயிற் வொச்சேர்ஸ்’ கொம்பனி பதியப்பட்டது. 1978இல் ஹெயின்ஸ் உணவுக் கொம்பனி அதனை ஏறத்தாழ 71 மில்லியன் டொலருக்கு வாங்கியது. 1999இல் ஐரோப்பிய முதலீட்டு நிறுவனமொன்று 735 மில்லியன் டொலர் கொடுத்தது.

ஜெனி கிறெய்க் என்னும் மற்றொரு கொம்பனி 1983இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் தொடங்கியது. தானே பொதிசெய்த உணவை விற்பதும், ஆலோசகர் ஒருவரை வாரந்தோறும் சந்திக்கச் செய்வதும் அதன் முறை. 2006இல் அதனை 600 மில்லியன் டொலருக்கு வாங்கியது நெஸ்லே. சொக்கலேற் விற்பவர்களே சொக்கலேற்றிலிருந்து விடுதலையையும் விற்கலாயினர். இதிலே தனிமனிதரின் சூழ்ச்சியைத் தேடவேண்டியதில்லை. நோயும் மருந்தும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்களிலும் வரவாக எழுதப்படக்கூடிய ஒரு பொருளாதார அமைப்பின் இயல்பான விளைவே அது.

அளவோடு உண்ணும் நெறியை வள்ளுவரும் ‘மருந்து’ என ஓர் அதிகாரம் வகுத்துக் கூறினார். அவர் சந்தா வாங்கவில்லை.

‘அன்றும் இன்றும்’ என்னும் இலக்கிய வடிவம்

இக்கொம்பனிகளின் எழுத்துக்கு ஒரே ஒரு கதைதான் உண்டு. இடப்புறம் ஒரு படம், வலப்புறம் ஒரு படம். இடப்புறத்துப் பெண் தலைகுனிந்து நிற்கிறாள். வலப்புறத்துப் பெண் சிரிக்கிறாள். இரண்டுக்குமிடையே அவள் வாழ்ந்த காலம் முழுதும் ‘நான் தீர்மானித்தேன்’ என்ற ஒரு வாக்கியத்துள் அடங்கிவிடுகிறது. அவள் என்ன வேலை செய்தாள், எத்தனை மணிக்கு வீடு திரும்பினாள், சமைக்க நேரம் இருந்ததா, அவள் தெருவில் மரக்கறி என்ன விலை என்பன கதையில் இல்லை. வீரகாவியத்திலே தலைவனுக்குப் பகைவன் உண்டு. இக்கதையிலோ தலைவியே தலைவிக்குப் பகைவி. சமுதாயத்தை அடியோடு நீக்கிவிட்ட யதார்த்தம் எவ்வாறு பொய்யாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

கதையின் மிகப் பெரிய குறை அது முடியும் இடத்தில் இருக்கிறது. வலப்புறப் படம் எடுக்கப்பட்ட நாளோடு கதை நின்றுவிடுகிறது. மூன்றாவது படமொன்று, ஐந்து ஆண்டுகளின் பின் எடுத்தது, அச்சிடப்படுவதில்லை. 1993இல் ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு, இவ்விரு கொம்பனிகள் உட்பட ஐந்து நிறுவனங்கள்மீது குற்றஞ்சாட்டியது இவ்விடயம் பற்றியே. நிறை குறைவதைப் பற்றியும் குறைந்த நிறை நிலைப்பதைப் பற்றியும் தக்க ஆதாரமின்றி விளம்பரம் செய்தனர் என்பது குற்றச்சாட்டு. எதிர்த்து நின்ற வெயிற் வொச்சேர்ஸும் ஜெனி கிறெய்க்கும் 1997இல், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, இணக்கத்துக்கு வந்தன. நிறை நிலைத்திருக்கும் என்று உரிமை கோரும் விளம்பரங்களில், பலருக்கு நிறைக் குறைவு தற்காலிகமானதே என்ற பொருள்படும் எச்சரிக்கை இடம்பெற வேண்டியதாயிற்று. கதாசிரியன் எழுத மறுத்த இறுதி அத்தியாயத்தை அரசாங்க ஆணைக்குழு ஒரு வாக்கியமாக எழுதிச் சேர்த்தது என்று சொல்லலாம்.

அளந்து பார்த்தவர்கள் கண்டது

இனி வாக்குறுதியை விட்டுப் பலனை நோக்குவோம். 2003இல் அமெரிக்க வைத்தியச் சங்கச் சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வொன்றில் 423 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வெயிற் வொச்சேர்ஸ் கூட்டங்களுக்குச் சென்றனர். மறுபிரிவினர் சிறிதளவு ஆலோசனை பெற்றுத் தாமே முயன்றனர். ஓராண்டு முடிவில் முன்னவர் 4.3 கிலோகிராமும் பின்னவர் 1.3 கிலோகிராமும் குறைந்தனர். ஈராண்டு முடிவில் அவை முறையே 2.9, 0.2 ஆயின. அதாவது பலன் உண்டு. ஆனால் அது சிறிது. அச்சிறிதும் கரைந்துகொண்டே போகிறது.

2005இல் வேறொரு ஆய்வு, ஒன்றுக்கொன்று முரணான நான்கு உணவு முறைகளை 160 பேரிடம் ஒப்பிட்டது. மாப்பொருளை விலக்குவது ஒன்று, கொழுப்பை விலக்குவது மற்றொன்று என அவை ஒன்றோடொன்று வாதாடிப் புகழ்பெற்றவை. ஓராண்டின் பின் சராசரிக் குறைவு 2.1 முதல் 3.3 கிலோகிராம் வரை. எந்த முறை என்பது பெரிதாக இருக்கவில்லை. எந்த முறையையாயினும் எவ்வளவு தூரம் கடைப்பிடித்தனர் என்பதே முடிவைத் தீர்மானித்தது. நான்கு கொடிகளின் கீழ் நான்கு சந்தைகள் நடத்தப்பட்டன; சரக்கு ஏறத்தாழ ஒன்றே.

ஜெனி கிறெய்க் முறையைப் பற்றி 2010இல் வெளிவந்த முடிவு இதனைவிட உயர்ந்தது. 442 பெண்களுள், நிலையத்துக்கு நேரிற் சென்றோர் இரண்டாண்டின் பின் 7.4 கிலோகிராமும், தொலைபேசி வழியே ஆலோசனை பெற்றோர் 6.2 கிலோகிராமும், வழமையான ஆலோசனை மட்டும் பெற்றோர் 2 கிலோகிராமும் குறைந்திருந்தனர். பாராட்டத்தக்க பலனே. ஆயினும் ஆய்வுக்குப் பணம் கொடுத்தது கொம்பனி. அதனினும் முக்கியமாக, அப்பெண்களுக்கு உணவும் ஆலோசனையும் இலவசமாக வழங்கப்பட்டன. இரண்டாண்டின் முடிவில் 92 வீதமானோரின் நிறையை அளக்க முடிந்தது. இதே கொம்பனியிற் பணம் கட்டிச் சேர்ந்த 60,164 பேரின் பதிவேடுகளை ஆராய்ந்த 2007ஆம் ஆண்டுக் கட்டுரையோ வேறொரு காட்சியைக் காட்டுகிறது. 13 வாரத்தின் பின் எஞ்சியோர் 42 வீதம். 26 வாரத்தின் பின் 22 வீதம். ஓராண்டின் பின் 6.6 வீதம். ஆய்வுக்கு வந்தவர்களை அளப்பதும், வாடிக்கையாளர் திட்டத்தில் நிலைப்பதும் ஒன்றல்ல என்பது உண்மையே. எனினும், இலவசமாகக் கிடைத்தபோது பயன்பட்ட ஒரு முறை, விலைக்கு வந்தபோது ஓராண்டுக்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றுமூவரைக் கைவிட்டது என்பதை எவரும் மறுக்க முடியாது. அவர்கள் எல்லோரும் மன உறுதி அற்றவர்கள் என்பதை நம்புவதற்கு ஒருவர் விளம்பர எழுத்தாளராக இருத்தல் வேண்டும்.

விலைக்கு வருவோம். வெயிற் வொச்சேர்ஸுக்கான ஆண்டுச் செலவு ஏறத்தாழ 377 டொலர், ஜெனி கிறெய்க்கிற்கு 2,500 டொலருக்கும் மேல் என்று 2014இல் வெளிவந்த ஒப்பீட்டுக் கணக்கொன்று காட்டியது. பிந்திய தொகையிற் பெரும்பகுதி உணவின் விலை என்பதை நியாயங் கருதிக் குறிப்பிட வேண்டும். குறைந்த ஒவ்வொரு கிலோகிராமுக்கும் எவ்வளவு செலவு என்று பார்க்கையில், வெயிற் வொச்சேர்ஸில் 155 டொலராகவும், ஒப்பிடப்பட்டவற்றுள் மிகச் செலவான ஓலிஸ்ற்றற் என்னும் மாத்திரையில் 546 டொலராகவும் அமைந்தது. கூட்டத்திற் கூடிப் பேசுவது மலிவு. பொதி செய்யப்பட்ட உணவும் மாத்திரையும் செலவு. மலிவானது எது என்று சற்றுக் கூர்ந்து நோக்கினால், அது ஆறு சிநேகிதிகள் குவீன்ஸில் ஒரு வீட்டுக் கூடத்திற் செய்த அதே காரியமே என்பது விளங்கும்.

கொம்பனியே இல்லாமல் அதனைச் செய்தவர்களும் உளர். 1948இல் மில்வோக்கி நகரில் எஸ்தர் மான்ஸ் என்னும் பெண் தொடங்கிய ‘ரொப்ஸ்’ சங்கம் இலாப நோக்கற்றது. உறுப்பினரே கூட்டங்களை நடத்துகின்றனர். சந்தா மிகச் சிறிது. ஆண்டுதோறும் சந்தாவைப் புதுப்பித்து நிலைத்து நின்ற உறுப்பினர் தமது நிறையில் ஏறத்தாழ 6 வீதத்தைக் குறைத்துப் பேணினர் என்று அதன் பதிவேடுகளை ஆராய்ந்தோர் கண்டனர். நிலைத்தோரை மட்டும் எண்ணிய கணக்கு இது என்பதையும் நாம் மறத்தலாகாது. கொம்பனியின் புள்ளிவிபரத்திற் குறை காண்பவன் தனக்குப் பிடித்த சங்கத்தின் புள்ளிவிபரத்தைக் கண்ணைமூடி ஏற்பது விமர்சனமன்று.

தோல்வியை விற்கும் வியாபாரம்

குறைந்த நிறை ஏன் திரும்புகிறது? 2011இல் அவுஸ்திரேலிய வைத்திய ஆய்வாளர் 50 பேரைப் பத்து வாரம் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் வைத்து, பின் ஓராண்டு அவதானித்தனர். பசியைத் தூண்டும் சுரப்புகளும் பசி உணர்வும் ஓராண்டு கழிந்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. உடல் தான் இழந்ததை மீட்கப் போராடுகிறது. பஞ்சங்களைக் கடந்துவந்த மனித இனத்தின் நெடிய வரலாறு அப்போராட்டத்திற் பேசுகிறது எனலாம். இதனை அறியாத பெண், ஈராண்டின் பின் நிறை திரும்பியதும் தன்னையே நொந்துகொள்கிறாள். மீண்டும் சந்தா கட்டுகிறாள். 2013இல் பீ.பீ.சீ. ஒளிபரப்பிய ஆவணப்படமொன்றிலே, வெயிற் வொச்சேர்ஸின் முன்னாள் நிதிப் பணிப்பாளர், நிறையைப் பேண முடியாத பெரும்பான்மையோர் திரும்பி வருவதிலேயே வியாபாரம் தங்கியிருந்தது என்ற கருத்தை ஒளிவுமறைவின்றி வெளியிட்டார். சாதாரண வியாபாரத்தில் சரக்கு பழுதானால் வாடிக்கையாளன் கடையை ஏசுவான். இங்கே வாடிக்கையாளன் தன்னை ஏசிக்கொண்டு மறுபடியும் வாங்குகிறான். வெட்கம் இத்தொழிலின் மூலப்பொருள். அது செலவின்றிக் கிடைப்பது.

நம்மவரின் அலட்சியமும் தவறே

இவற்றைப் படிக்கும் முற்போக்கு நண்பர் சிலர், ‘இது பணக்கார நாட்டுப் பெண்களின் அழகு மோகம், உழைக்கும் மக்களுக்கு இதிலென்ன?’ என்று தள்ளிவிடக் கூடும். அது எளிய முடிவு. எனவே ஐயத்துக்குரிய முடிவு. நீரிழிவும் இரத்த அழுத்தமும் வர்க்கம் பார்ப்பதில்லை என்பதுகூடப் பாதி உண்மையே. மலிவான எண்ணெய், சீனி, வெள்ளை மா ஆகியவற்றால் வயிற்றை நிரப்பவேண்டியவனை அவை முந்திப் பிடிக்கின்றன. சிறிய நிறைக் குறைவும் பெரும் பயன் தரும் என்பது 2002இல் வெளிவந்த அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் நிறுவப்பட்டது. நீரிழிவின் வாசலில் நின்ற 3,234 பேருள், உணவொழுங்கும் வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்பும் கற்பிக்கப்பட்டோர் சராசரியாக 5.6 கிலோகிராம் மட்டுமே குறைந்தனர். ஆயினும் அவர்களிடையே நீரிழிவு தோன்றுவது 58 வீதத்தாற் குறைந்தது. மருந்து கொடுக்கப்பட்டோரிடையே அது 31 வீதமே. விளம்பரப் படத்துக்கு உதவாத அந்த ஐந்து கிலோகிராம், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் மனிதனுக்கும் இடையே நிற்கிறது.

அம்முறையைப் பின்னர் இந்தியானாபொலிஸ் நகரின் வை.எம்.சீ.ஏ. மண்டபங்களிற் குழுக்களாக நடத்திப் பார்த்தபோதும் ஆறு மாதத்தில் 6 வீத நிறைக் குறைவு கிடைத்தது. 2018 முதல் முதியோருக்கான அமெரிக்க அரசாங்கக் காப்புறுதி அதற்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. இங்கிலாந்திலோ பொதுச் சுகாதார சேவையின் வைத்தியர் நோயாளரைக் கூட்டங்களுக்கு அனுப்பினர். அவர்கள் பணம் கட்டவில்லை. 1,267 பேரைக் கொண்டு 2017இல் லான்செற் சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வில், சிறிய ஆலோசனை மட்டும் பெற்றோர் ஓராண்டில் 3.26 கிலோகிராமும், 12 வாரக் கூட்டங்களுக்குச் சென்றோர் 4.75 கிலோகிராமும், 52 வாரம் சென்றோர் 6.76 கிலோகிராமும் குறைந்தனர். ஈராண்டின் பின் இவை 2.30, 3.00, 4.29 ஆகின. துணை நீடிக்க நீடிக்கப் பலனும் கூடுகிறது என்பதை இது காட்டுகிறது. பேர்மிங்ஹாமில் 740 பேரிடம் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வு நமக்கும் ஒரு பாடம் தருகிறது. சிறப்புப் பயிற்சி பெற்ற ஊழியரைக் கொண்டு பொதுச் சிகிச்சை நிலையங்களில் நடத்திய திட்டம், வர்த்தகக் கூட்டங்களைவிடச் செலவு கூடியதாகவும் பயன் குறைந்ததாகவும் இருந்தது. பொதுத்துறை என்ற பெயர்ப்பலகை மாத்திரம் போதாது. தோழமையும் தொடர்ச்சியும் வேண்டும்.

ஊசியின் காலம்

கடந்த சில ஆண்டுகளில் நாடகத்தின் அடுத்த அங்கம் தொடங்கியிருக்கிறது. நீரிழிவுக்கு வழங்கப்பட்டுவந்த செமகுளுற்றைட் என்னும் ஊசிமருந்து 2021இல் நிறைக் குறைப்புக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1,961 பேரைக் கொண்ட ஆய்வில் 68 வாரத்தில் அது சராசரியாக 14.9 வீத நிறையைக் குறைத்தது. மருந்தற்ற ஊசி பெற்றோருக்கு 2.4 வீதம். எந்தக் கூட்டமும் எந்தப் பொதி உணவும் எட்டாத அளவு இது. ஆனால் மருந்தை நிறுத்திய ஓராண்டில் இழந்த நிறையின் மூன்றில் இரு பங்கு திரும்பியது. விற்பனைக்கு வந்தபோது அதன் பட்டியல் விலை மாதத்துக்கு ஏறத்தாழ 1,350 டொலர். விலை பின்னர் இறங்கியதாயினும், தொடர்ந்து வாங்க வல்லவனுக்கே தொடர்ந்து பயன் என்ற நிலை மாறவில்லை.

பழைய கொம்பனிகள் இதனைத் தாங்கவில்லை. ஜெனி கிறெய்க் 2023 மே மாதத்தில் நிலையங்களை மூடியது. பெயரை வேறொரு கொம்பனி வாங்கி வீட்டுக்கு உணவு அனுப்பும் வியாபாரத்துக்குப் பயன்படுத்தியது. அறுபது ஆண்டு மன உறுதியைப் போதித்த வெயிற் வொச்சேர்ஸ், அதே 2023இல் அவ்வூசிமருந்துகளுக்கு வைத்தியச் சீட்டு வழங்கும் கொம்பனியொன்றை வாங்கியது. 2025 மே மாதத்தில் 1.15 பில்லியன் டொலர் கடனைக் களைவதற்காக நீதிமன்றத்தில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. உறுப்பினரின் மன உறுதிக் குறைவே தோல்விக்குக் காரணம் என்ற தத்துவத்துக்கு அதன் போதகரே எழுதிய மறுப்புரை இது. பசி உடலின் காரியம், ஒழுக்கக்கேடன்று என்பது அவர்கள் கடையிலேயே இப்போது விற்கப்படுகிறது. இதுவரை அக்குற்ற உணர்ச்சியைச் சுமந்த இலட்சக்கணக்கான பெண்களுக்கு யார் சந்தாவைத் திருப்பிக் கொடுப்பார்?

நாம் கற்கவேண்டியவை

அமெரிக்கக் கதை நமக்குத் தொலைவிலுள்ளது அன்று. ‘அன்றும் இன்றும்’ படங்கள் இன்று கைத்தொலைபேசித் திரையில் நமது மாணவியரையும் வந்தடைகின்றன; பதினைந்து வயதுப் பிள்ளை தன் உடலை இடப்புறப் படமாக எண்ணக் கற்றுக்கொள்கிறாள். 2022இல் எத்தனையோ வீடுகளில் ஒருவேளை உணவு குறைக்கப்பட்ட நாடு இது. வறுமையால் மெலிபவளும் வெட்கத்தால் மெலிய முயல்பவளும் ஒரே வகுப்பறை வாங்கில் அருகருகே அமர்ந்திருக்கலாம். இருவருக்கும் பொதுவான பாடம் ஒன்று ஆசிரியரிடம் இருத்தல் வேண்டும்.

அப்பாடம் விளம்பரத்தை வாசிக்கும் பாடமே. எந்த மெலிவிப்புக் கதையைக் கண்டாலும் மூன்று வினாக்களைக் கேட்க மாணவரைப் பழக்குவோமாக. எத்தனை ஆண்டின் பின் அளந்தீர்கள்? சேர்ந்தவர்களுள் எத்தனை பேர் எஞ்சினர்? அவ்வுணவுக்கும் ஓய்வு நேரத்துக்கும் பணம் கொடுத்தவர் யார்? இவ்வினாக்களுக்கு விடையளிக்க முடியாத கதை, எவ்வளவு அழகாகச் சொல்லப்பட்டாலும், அரைக் கதையே.

சமுதாயத்திடம் கேட்கவேண்டிய வினாவும் உண்டு. பயன் தந்தவை எவை என்று மேலே கண்டோம்: பொது நிறுவனமொன்றின் அறிவு, ஒத்த துன்பமுடையோரின் தோழமை, நீண்டகாலத் துணை. இவற்றுள் ஒன்றேனும் ஒரு கொம்பனியின் கண்டுபிடிப்பு அன்று. நமது இலவச வைத்திய சேவையின் தொற்றா நோய்ப் பரிசோதனை நிலையங்களும், கிராமிய மாதர் சங்கங்களும், மாலையில் வெறுமையாய்க் கிடக்கும் பாடசாலை மைதானங்களும் இம்மூன்றுக்கும் இடமளிக்க வல்லவை. குவீன்ஸின் ஆறு சிநேகிதிகள் தொடங்கியதை, கட்டண மேசை போடாமல், தொடர்ந்து நடத்துவது நமக்கு இயலாத காரியம் அன்று.